கை நனைக்காத சம்பந்தம்

கொடைக்கானலில் ஏதாவது லாட்ஜுக்குப் போய், வரவேற்பு மேஜையில் இருப்பவனிடம், "சார், இங்கே எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும்?" என்று நீங்கள் கேட்டு, அவன் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரியாதுங்க" என்று சொன்னால் தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள். திமிர் பிடித்தவன் என்றும் நினைக்காதீர்கள். அது நானாக இருக்கலாம். பட்டவன் அப்படித்தான் பேசுவான்.

ஒரு காலத்தில் நான் இப்படி இல்லை. யாராவது அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன். வடக்கே இருந்து வந்தவர்களுக்கு ரொட்டி, பருப்பு கிடைக்கும் இடம் சொல்வேன். கேரளத்துக்காரர்களுக்குப் புட்டுக்கடை. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் என்றால் மெழுகுவத்தி ஏற்றி வைக்கிற கடைக்கு அனுப்பி, "ஜன்னலோரமா உக்காருங்க, மேகம் உள்ளே வரும்" என்று கூடுதலாக ஒரு வரியும் சேர்ப்பேன். அவர்கள் திரும்பி வந்து நன்றி சொல்லும்போது அந்த மேகத்தையே நான்தான் ஏற்பாடு செய்தது போல அடக்கமாகச் சிரிப்பேன். (இந்தக் கடைகளில் பாதிக்குமேல் நான் காலே வைத்ததில்லை. மதியம் எனக்கு அம்மா கட்டிக்கொடுக்கிற சோறுதான். இது அப்போது ஒரு குறையாகவே தோன்றவில்லை.)

இந்தத் திறமையை நம்பித்தான் என் கல்யாணத்தைப் பணயம் வைத்தேன்.

வீடு செண்பகனூரில். அப்பா தவறிப்போய் வெகுநாளாகிவிட்டது; அம்மாவும் நானும் மட்டும். எனக்குப் பெண் தேடித் தேடி அம்மா ஓய்ந்துபோயிருந்தாள். ஒரு சம்பந்தம் எங்கள் வீட்டுப் படிக்கட்டைப் பார்த்து நின்றுபோனது. (செண்பகனூரில் வீடு என்றால் ரோட்டிலிருந்து இறங்கித்தான் போகணும். மலையைச் சாய்த்து வைத்தது நாங்களா?) இன்னொரு சம்பந்தம், "பொண்ணுக்குக் குளிர் ஆகாது" என்று சொல்லித் தட்டிப்போனது. அதன் பிறகு வந்ததுதான் ஜெனி.

ஜெனிக்குத் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். நாங்கள் போய்ப் பார்த்துப் பிடித்துப்போய், பெரியவர்கள் அனுமதியோடு போனில் பேச ஆரம்பித்திருந்தோம். அவள் சிரிப்பு நன்றாக இருக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காக லாட்ஜுக்கு வராத ஆட்களை எல்லாம் வந்ததாகச் சொல்லிக் கதைவிட்டிருக்கிறேன். இந்தச் சம்பந்தமும் கை நழுவிப் போனால் நான் தேறமாட்டேன் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வெளியே சொல்ல வெட்கம். அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது ஒரு சடங்கு. பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கணும். வந்தால் கூரை பார்ப்பார்கள், குழாயில் தண்ணீர் வருகிறதா பார்ப்பார்கள், மாமியாராக வரப்போகிறவள் குரலை உயர்த்துகிறாளா என்று பார்ப்பார்கள். எல்லாம் பார்க்கலாம், சாப்பிட மட்டும் கூடாது. சம்மதம் என்று வாய்விட்டுச் சொல்கிறவரை மாப்பிள்ளை வீட்டுச் சோற்றில் கை நனைக்கக் கூடாது. நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிட்டுவிட்டுப் பிறகு வேண்டாம் என்று சொல்கிறவர்களை ஊர் காறித் துப்பும். ஆகையால் இரண்டு பக்கமும் இதில் ரொம்ப ஜாக்கிரதையாக இருப்பார்கள்.

ஆக, அவர்கள் எங்கள் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். அப்படியானால் எங்கே சாப்பிடுவார்கள்?

"அதை என்கிட்ட விடு ஜெனி," என்றேன். "ஊருக்கே சாப்பாட்டுக்கு வழி சொல்றவன் நான்."

"வெளையாடாதீங்க. அப்பாவுக்கு ஒரு மணிக்குச் சோறு வேணும். சோறுன்னா சோறுதான், வேற எதுவும் இல்ல. பசி வந்துட்டா அப்பா பேச மாட்டாவ. பேசாம ஊருக்குத் திரும்பி வந்தாவன்னா முடிஞ்சுது."

"சரி சரி" என்றேன். அந்த 'சரி சரி'யை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

வந்தது மே மாதம், ஒரு சனிக்கிழமை. அது மீன்பிடித் தடைக்காலம். ஜெனியின் அப்பா மிக்கேல் அண்ணாச்சியின் இரண்டு போட்டும் கரையில் கிடந்தன. அதனால்தான் அவருக்கு நேரம் கிடைத்தது. எனக்கோ அது சீசன் சனிக்கிழமை. நாட்டில் உள்ள வண்டியெல்லாம் மலை ஏறுகிற நாள். (அந்த நாளில் என் லாட்ஜுக்கு வருகிறவர்களிடம், "வெளியே போகாதீங்க சார், ரூம்லயே சாப்பிடுங்க" என்று சொல்கிறவன் நான்தான்.)

வேனிலிருந்து இறங்கியவர்கள் மூன்று பேர். மிக்கேல் அண்ணாச்சி நல்ல உயரம். வெள்ளை வேட்டி, சட்டை, தலையில் புதுக் குரங்குக் குல்லா. அவர் மனைவி செலினா, கொண்டை ஊசி வளைவுகளில் குடலே வெளியே வந்துவிட்ட மாதிரி, மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு. மூன்றாவது, அண்ணாச்சியின் அக்கா பிலோமி அத்தை. முறை, சம்பிரதாயம் எல்லாம் அந்தக் குடும்பத்தில் அத்தையின் கையில். அத்தை தலையாட்டாமல் அங்கே யாரும் தும்மக்கூட மாட்டார்கள் என்று ஜெனி எச்சரித்திருந்தாள்.

இறங்கியதும் அண்ணாச்சி மூச்சை நன்றாக இழுத்துவிட்டார். "ஊர் ஒலகமெல்லாம் லீவுக்குக் கடலைப் பாக்கப் போவுது. நாங்க கடலை விட்டு ஓடி வந்திருக்கோம் தம்பி. ரெண்டு நாளு கடல் சத்தமும் வேண்டாம், மீனும் வேண்டாம். நிம்மதியா இருந்துட்டுப் போவோம்."

தம்பி. அந்த வார்த்தையை நான் குறித்துக்கொண்டேன். மாப்பிள்ளை ஆகிறவரை தம்பிதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்குத் தலை சுற்றியது. அம்மா வெள்ளனே எழுந்து பெரிய விருந்தே சமைத்து வைத்திருந்தாள். ஆட்டெலும்பும் பட்டர் பீன்ஸும் போட்ட குழம்பு. மலைப்பூண்டு தட்டிப்போட்ட மிளகு ரசம். ஒரு பெரிய பானைச் சோறு. வாசம் ரோடு வரைக்கும் ஏறியிருந்தது.

அடுக்களைக்குள் ஓடிப்போய், "ஏம்மா, அவங்கதான் சாப்பிட மாட்டாங்களே!" என்றேன்.

"ஏலே, பார்த்த ஒடனே சம்மதம்னு சொல்லிட்டாங்கன்னா என்ன செய்வே? அப்ப அடுப்புல ஒண்ணும் இல்லைன்னா கேவலமாப் போயிராதா?" என்றாள் அம்மா. அவள் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். மூக்கு விரிந்தது. "என்ன கொழம்பு இது?" என்றார்.

"சும்மாதாங்க... பட்டர் பீன்ஸு, எலும்பு போட்டு..." என்று இழுத்தாள் அம்மா.

"மிக்கேலு," என்றார் பிலோமி அத்தை. அவ்வளவுதான் சொன்னார். அண்ணாச்சி உடனே கூரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

டீயும் வேண்டாம் என்றுவிட்டார் அத்தை. தண்ணீர் மட்டும். குடித்து முடித்து டம்ளரைத் திருப்பினார். எந்த வீட்டுக்குப் போனாலும் பாத்திரத்தில் வெட்டியிருக்கிற பேரை வாசிப்பது அத்தையின் பழக்கமாம். கண்ணைச் சுருக்கி, "ஆ. லூர்து மேரி, செண்பகனூர். ஒங்க பேராம்மா?" என்றார்.

"ஆமாங்க. கல்யாணத்துக்கு எங்கப்பா எடுத்துக் குடுத்த பாத்திரம். கரண்டி வரைக்கும் வெட்டித்தான் வச்சிருக்கு."

"நல்ல பழக்கம்" என்றார் அத்தை. அது ஒரு நல்ல சகுனம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்புறம் அவர்களைச் சாப்பிட அழைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் அம்மா என் கையைப் பிடித்து, "அம்புட்டும் கெடக்கே, என்னடா பண்ண?" என்று கேட்டாள். "ராத்திரி நான் சாப்பிடுறேம்மா" என்று சொல்லிவிட்டுப் படியேறினேன்.

முதல் இடம், ஏரி தெரிகிற ஹோட்டல். மேனேஜர் எனக்குப் பழக்கம். நான் அனுப்பிய ஆட்களை வைத்தே அவர் ஒரு மாடி கட்டியிருப்பார். மேஜை போட்டு வைத்திருக்கிறேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். ஆனால் வேன் நகர்ந்தால்தானே? முன்னால் வண்டி, பின்னால் வண்டி, பக்கத்தில் குதிரை. குதிரை எங்களைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பியும் வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது என் மேஜையில் வேறு ஒரு குடும்பம் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தது. மேனேஜர் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் அடுத்து உட்காரப் போகிறவர்கள் நின்று, சாப்பிடுகிறவர்களின் இலையை வெறித்துக்கொண்டிருந்தார்கள்.

"தின்னுதவன் முதுகுல நின்னு அவன் உருண்டையை எண்ணுதாவ," என்றார் அண்ணாச்சி. "இப்படித் தின்னா ஒட்டுமா தம்பி? வேற எடம் போவோம்."

இரண்டாவது, நான் தேனிலவுக்காரர்களை அனுப்புகிற மெழுகுவத்திக் கடை. அங்கே இடம் இருந்தது. ஜன்னலோரமே கிடைத்தது. மேகமும் சொன்னபடி உள்ளே வந்தது. செலினா அம்மாவுக்கு இருமலும் வந்தது. அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெனுவை முன்னும் பின்னும் புரட்டினார்.

"தம்பி, இதுல சோறு எந்தப் பக்கம் இருக்கு?"

சர்வர் உதவிக்கு வந்தான். "சோறு இல்ல சார். ரிசோட்டோ இருக்கு. ரைஸ்லதான் பண்றது." அடுத்த மேஜையில் இருந்ததைக் காட்டினான். பிலோமி அத்தை எட்டிப் பார்த்தார்.

"இது சொகமில்லாதவியளுக்குக் குடுக்கிறதுல்லா?"

எழுந்தோம். (அந்தக் கடையை நான் எத்தனை பேருக்குச் சிபாரிசு செய்திருப்பேன்! அங்கே சோறு கிடைக்காது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.)

மூன்றாவதாக, கௌரவம் எல்லாம் போதும் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன். வாசலிலேயே ஒருவர் இலைகளை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். "சோறு முடிஞ்சிருச்சுங்க. புரோட்டா சாயந்தரம்தான்" என்றார். மணி ஒன்று எப்போதோ தாண்டிப் போயிருந்தது.

திரும்பி வந்தால் வேன் டிரைவர் பல் குத்திக்கொண்டு சாய்ந்திருந்தார். "நீங்க வர லேட்டாகும்னு அந்தத் தள்ளுவண்டில குஸ்கா சாப்பிட்டுட்டேன் சார். அருமை!" என்று அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னார். அண்ணாச்சி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்தார். அவருக்காகத் தள்ளுவண்டியைத் தேடி ஓடினேன், அது காலி.

அதற்குப் பிறகு அண்ணாச்சி பேசவில்லை.

ஜெனியிடமிருந்து செய்தி வந்தது: 'அப்பா பேசுதாவளா?'

'இல்லை' என்று போட்டேன். படித்துவிட்டாள் என்று காட்டியது. பதில் இல்லை. அந்தச் சின்னத் திரையில் என் கல்யாணம் செத்துக்கிடப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எனக்குச் சவரி மாமா ஞாபகம் வந்தார். அம்மாவின் தம்பி. என் தாய்மாமன். இந்தச் சம்பந்தத்துக்கு முன்னால் நின்றிருக்க வேண்டியவர். சீசனில் லீவு கேட்டால் வேலை போய்விடும் என்பதால் சாயங்காலம்தான் வருவதாக இருந்தார். ஊருக்கு வெளியே புதுசாகத் திறந்த ரெஸ்டாரண்டில் அடுக்களை அவர் பொறுப்பு. வேனை விட்டு இறங்கி, மறைவாக நின்று போன் போட்டேன்.

"மாமா, மூணு பேரைக் கூட்டிட்டு வாரேன். எப்படியாவது சாப்பாடு போட்டுருங்க. ஆனா நீங்க எனக்குச் சொந்தம்னு காட்டிக்கவே கூடாது. தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுச் சோறுன்னு அத்தை தொடக்கூட மாட்டாங்க."

"நீ வா மாப்ளே. வாயைத் தொறக்க மாட்டேன்."

அந்த ரெஸ்டாரண்டின் பெயர் வேண்டாம். அதில் 'பீச்' என்ற சொல் இருந்தது. அது வெறும் பெயர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வேன் நின்றதும்தான் விஷயம் தெரிந்தது. பைன் மரச் சரிவில் லாரி லாரியாக மணலைக் கொட்டி வைத்திருந்தார்கள். மணலில் ஓலைக் குடைகள். பிளாஸ்டிக் தென்னைமரங்கள். சுவர் முழுக்க நீலப் பெயின்டில் கடல். சர்வர்கள் ஸ்வெட்டருக்கு மேலே பூப்போட்ட சட்டையும் கீழே அரை டவுசரும் போட்டு, பனியில் முழங்கால் நடுங்க நின்றார்கள். எங்கேயோ ஒளித்து வைத்திருந்த ஒலிபெருக்கியிலிருந்து அலைச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

அண்ணாச்சி மணலில் நின்றார். குனிந்து கொஞ்சம் அள்ளி, விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"இது ஆத்து மணல்லா" என்றார். வெகுநேரம் கழித்து அவர் பேசிய முதல் வார்த்தை. அப்புறம் காதைக் கொடுத்துக் கேட்டார். "பொறந்ததுலேருந்து இந்தச் சத்தத்துலதான் ஒறங்குதேன் தம்பி. ரெண்டே நாளு இதைக் கேக்காம இருப்போம்னு வந்தேன்."

நான் மணலுக்குள் புதைந்துவிடலாமா என்று பார்த்தேன். ஆழம் போதாது.

சர்வர் வந்தான். மெனுவில் மீன், மீன், மறுபடியும் மீன். "சார், ஃப்ரெஷ் சீலா மீன் இருக்கு. இன்னைக்குக் காலைலதான் தூத்துக்குடில புடிச்சு வந்துச்சு."

அண்ணாச்சி ரொம்ப மெதுவாகக் கேட்டார். "தூத்துக்குடிலயா? இன்னைக்கா? யாரு போட்டுல போயி புடிச்சாவ? என் போட்டு ரெண்டும் கரையிலல்லா கெடக்கு. நாட்டுப் படகுல வாரது எங்க ஊருக்கே பத்தல, ஒங்க மலைக்கு ஏறுச்சோ?"

சர்வர் மெனுவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் போனான். அண்ணாச்சி எழுந்துவிட்டார். "கெளம்புவோம்க்கா" என்றார் அத்தையிடம். கிளம்புவோம் என்றால் ஹோட்டலை விட்டு இல்லை, மலையை விட்டு. எனக்கு அது புரிந்தது.

கிளம்பவிடாமல் செய்தது மழை. கோடை மழை, சொல்லாமல் கொள்ளாமல் கொட்டியது. ஓலைக்குடை ஒழுகியது. பிளாஸ்டிக் தென்னை ஒன்று சரிந்து விழுந்தது. வேன் தூரத்தில் நின்றது. எல்லோரும் ஓடி அடுக்களையை ஒட்டின ஷெட்டுக்குள் ஒதுங்கினோம். அங்கே, பூச்சட்டையோடு, சவரி மாமா நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க மாப்... சார், வாங்க" என்றார்.

என்னை முன்பின் பார்த்தே இராதவர் போல அவர் நடித்த நடிப்பு இருக்கிறதே, அதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். நல்லவேளை, அங்கே எல்லோருக்கும் பசி.

"சாப்பிடலையாங்க?" என்று மாமா அண்ணாச்சியிடம் கேட்டார். "கஸ்டமருக்குக் குடுக்கிறதில்ல. நாங்க வேலைக்காரங்க சாப்பிடுற சாப்பாடு இருக்கு. சோறு, குழம்பு. உங்களுக்கு ஒண்ணும் சங்கடம் இல்லைன்னா..."

"சோறா?" என்றார் அண்ணாச்சி.

"சோறுதாங்க."

பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். தட்டு வந்தது. பிலோமி அத்தை சிலுவை போட்டுக் கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்த ஆகாரத்தையும் இதைச் சமைச்ச கையையும் ஆசீர்வதியும்" என்று ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னோம். மாமா பெரிய தூக்குவாளி ஒன்றைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தார்.

பட்டர் பீன்ஸ். ஆட்டெலும்பு. மலைப்பூண்டு.

என் மூக்குக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மூளைக்குத் தெரிய ஒரு கணம் ஆனது. பிறந்ததிலிருந்து சாப்பிடுகிற குழம்பு. எங்கள் வீட்டு அடுப்பில் காலையில் கொதித்த குழம்பு. எங்கள் வீட்டுத் தூக்குவாளி.

"வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். மூன்று பேரும் திரும்பினார்கள். "இல்ல... ரொம்பக் காரமா இருக்கும். வயித்துக்கு ஆகாது. நான் வேற எங்கயாவது..."

"தம்பி," என்றார் அண்ணாச்சி, "ஒங்களைக் கும்புட்டுக் கேக்கேன். கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

சாப்பிட்டார். முதல் கவளத்தில் கண்ணை மூடினார். இரண்டாம் தடவை சோறு வாங்கினார். மூன்றாம் தடவையும் வாங்கினார். காலையிலிருந்து எலுமிச்சம்பழத்தை விடாத செலினா அம்மா அதை ஓரமாக வைத்துவிட்டு எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "இதுல்லா சாப்பாடு! இப்படி ஒரு கை இந்த மலையில இருக்குன்னு யாராவது சொன்னியளா?" என்று அண்ணாச்சி என்னைக் கேட்டார். மாமா என் கையிலும் ஒரு தட்டைத் திணித்திருந்தார். என் தட்டில் இருந்த அம்மாவின் சோறு எனக்கு மண்ணாக இறங்கியது.

கை கழுவுகிற சாக்கில் மாமாவை அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டு போனேன்.

"மாமா, இது அம்மா வச்ச குழம்பு!"

"ஆமா. அக்கா போன் பண்ணுச்சு. அம்புட்டும் மீந்து கெடக்கு, உங்க ஆளுங்க சாப்பிடுங்கடான்னு டவுன் பஸ்ல ஏத்தி விட்டுச்சு."

"அதைப் போய் அவங்களுக்குப் போட்டுட்டீங்களே! கை நனைக்கக் கூடாதுல்ல? அவங்க ஏமாத்திட்டோம்னு நினைப்பாங்க மாமா!"

மாமா ரொம்ப வருத்தப்பட்டுவிட்டார். "நீ என்ன மாப்ளே சொன்னே? சொந்தம்னு காட்டிக்காதேன்னே. நான் காட்டுனேனா?"

ஷெட்டில் சத்தம் இல்லாமல் போனதை அப்போதுதான் கவனித்தேன். மாமாவும் நானும் வெளியே எட்டிப் பார்த்தோம். பிலோமி அத்தை, அண்ணாச்சிக்கு இன்னொரு கரண்டி ஊற்றலாம் என்று தூக்குவாளியை இழுத்திருக்கிறார். பழக்கதோஷம், மூடியைத் திருப்பியிருக்கிறார். கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டி, கோயிலில் வாசகம் படிக்கிற மாதிரி படித்தார்.

"ஆ. லூர்து மேரி. செண்பகனூர்."

ஒலிபெருக்கியில் ஒரு அலை வந்து போனது.

அண்ணாச்சியின் கை தட்டிலேயே நின்றது. அவர் மாமாவைப் பார்த்து, "இது யாரு சமைச்சது?" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் விழுந்து கிடந்த பிளாஸ்டிக் தென்னையைப் பார்த்தேன்.

"எங்கக்காங்க" என்றார் மாமா.

"ஒங்கக்காவுக்குப் பிள்ளைய உண்டா?"

மாமா பேசவில்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார் அல்லவா? கரண்டியால் என்னைக் காட்டினார்.

அண்ணாச்சி தட்டில் மிச்சம் இருந்ததை வழித்துச் சாப்பிட்டார். எழுந்து கையைக் கழுவினார். மழையிலேயே நடந்து போய் வேனில் ஏறினார். "நான் இல்ல, எனக்குத் தெரியாது, பஸ்ல..." என்று நான் பின்னாலேயே ஓடிக்கொண்டு சொன்னது எதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

வேனுக்குள் பிலோமி அத்தை தீர்ப்பு எழுத ஆரம்பித்தார். "தெரியாமத் தின்னது கணக்குல வராது மிக்கேலு. பூசையில நன்மை அப்பம் வாங்க வெறும் வயித்தோட போற அன்னைக்குத் தெரியாம வாயில எதையாவது போட்டுட்டா பாவமில்லைன்னு சாமியாரே சொல்லியிருக்காவ."

அன்று முழுக்க வாய் திறக்காத செலினா அம்மா சொன்னார்: "ஒரு தடவை தெரியாமத் திங்கலாம் மயினி. மூணு தடவை கேட்டு வாங்கில்லா தின்னாவ."

அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜெனிக்கு எழுதினேன்: 'முடிஞ்சுது. எங்கம்மா சோத்தை உங்கப்பாவுக்கு ஏமாத்திப் போட்டதா ஆகிப்போச்சு. என்னை மன்னிச்சிரு. உன் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.' அவள் ஏதோ எழுதுவதாகக் காட்டியது. நின்றது. மறுபடி எழுதுவதாகக் காட்டியது. நின்றது. நான் போனை அணைத்துவிட்டேன்.

"என்னை லாட்ஜ்ல எறக்கி விட்டுருங்க" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"செண்பகனூருக்கு விடு" என்றார் அண்ணாச்சி.

நேராக அம்மாவிடமே போகிறார். என்னைத் திட்டினால் தாங்கிக்கொள்வேன். அம்மா என்ன செய்தாள்? ஒருத்தரும் தொடாமல் கிடந்த சோற்றை வீணாக்காமல் நாலு பேருக்கு அனுப்பினாள். அதற்காக அவள் வாசலில் நின்று பேச்சு வாங்கப் போகிறாளே என்று நினைத்தபோது உண்மையாகவே கண்ணீர் வந்துவிட்டது. வேன் நின்றதும் முந்திக்கொண்டு இறங்கப் பார்த்தேன். அண்ணாச்சி எனக்கு முன்னால் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தார்.

அம்மா வாசலில் நின்றாள். பாவம், ஒன்றும் தெரியாது. "சாப்பிட்டீங்களாங்க?" என்று சிரித்தபடி கேட்டாள்.

அண்ணாச்சி வாசலில் நின்று குரங்குக் குல்லாவைக் கழற்றினார். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பிழிந்தார்.

"சம்மந்தியம்மா," என்றார், "கொழம்பு வந்துச்சு, சாப்பிட்டோம். ரசம் வரல. காலைலயே வாசம் பிடிச்சேன். கொஞ்சம் இருக்கா?"

அம்மாவுக்கு முதல் வார்த்தையே போதுமானதாக இருந்தது. என்ன குழம்பு, எங்கே வந்தது என்று எதுவும் கேட்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "தூக்குவாளில ரசம் சிந்திரும்னு அனுப்பல போல. என்ன மாப்பிள்ளை?" என்றார். நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த பிலோமி அத்தை என்னைத் தாண்டிப் போகும்போது, "எனக்கும் ஒரு டம்ளர் ஊத்தச் சொல்லு" என்றார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மண்டபத்தில் சவரி மாமாவை எல்லோரிடமும், "இவருதான் சொந்தம்னு காட்டிக்காத தாய்மாமன்" என்று அறிமுகம் செய்து வைத்தார்கள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். ஜெனி அன்று எழுதி எழுதி நிறுத்தியது என்ன என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். சிரித்துச் சிரித்துக் கை ஓடவில்லையாம். நான் செத்துக்கொண்டிருந்தபோது!

இப்போது ஞாயிற்றுக்கிழமை வெளியே சாப்பிடலாமா என்று நான் கேட்டால், ஜெனி, "எந்த பீச்சுக்கு?" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும். லாட்ஜில் யாராவது சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் எனக்கு வியர்க்கிறது.

மாமனார் ஒவ்வொரு தடைக்காலத்திலும் குல்லாவோடு வந்துவிடுகிறார். போன தடவையும் வந்தார். அம்மா குழம்புப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் உடனே உட்காரவில்லை. எப்போதும் போல மூடியை எடுத்துத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, எல்லோரும் கேட்கும்படி சத்தமாகப் படித்தார்: "ஆ. லூர்து மேரி, செண்பகனூர்." அப்புறம் என்னைப் பார்த்து, "ஒரு தடவை பாத்துக்கிடுதது நல்லதுல்லா மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் குழம்பின் முதல் கவளம் எனக்கு இன்னும் தொண்டையில் ஒரு நிமிஷம் நின்றுதான் இறங்குகிறது.